உலோக இடுப்பு வலிக்கும்போது: எதை எந்த வரிசையில் பார்ப்பது

கவரிங் தோடு போட்டால் அன்று மாலைக்குள் என் காது மடலில் நீர் கசியத் தொடங்கிவிடும். பதின்மூன்று வயதிலிருந்து இப்படித்தான். ஊக்கு பட்ட இடம் சிவக்கும். கைக்கடிகாரத்தின் கொக்கி பட்ட இடத்தில் கொப்புளம் வரும். ஆகவே, இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2019இல் தொடையிடுக்கில் வலி தொடங்கியபோது, வழக்கையும் நானே விசாரித்துத் தீர்ப்பையும் நானே எழுதிவிட்டேன்: நிக்கல் ஒவ்வாமை. முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவளுக்கு இந்தத் திமிர்கூட இருக்காதா? மூன்று மாதம் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை விழுங்கினேன். தூக்கம் நன்றாக வந்தது. வலி போகவில்லை.

கடைசியில் பிடிபட்டது நிக்கல் இல்லை, கோபால்ட். அதைப் பிடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. சோதனைகளை வரிசை மாற்றாமல் செய்திருந்தால் நான்கைந்து மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எலும்பு மருத்துவர் முன்னால் வெறுங்கையோடு போய் உட்காராமல் இருக்க இது உதவும், அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் தொடங்குங்கள்

அறுவை அரங்கில் பிரிக்கப்படும் ஒவ்வொரு பாகத்தின் பெட்டிக்குள்ளும் சிறிய ஒட்டுச் சீட்டுகள் இருக்கும். நிறுவனத்தின் பெயர், பாகத்தின் பெயர், எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர், ரெஃப் எண் (பாகத்தின் மாதிரி எண்), லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) எல்லாம் அதில் உண்டு. அதில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வந்திருக்க வேண்டும். என் சம்மரியில், “இடது இடுப்பு மூட்டு முழுமையாக மாற்றப்பட்டது, நோயாளி நலமாக வீடு திரும்பினார்” என்று மட்டும் இருந்தது. செயற்கை மூட்டு என்பது தொடைப் பக்கம் ஒரு பந்தும், அது சுழல இடுப்பெலும்பில் ஒரு கிண்ணமும்தான். எந்தப் பந்து, எந்தக் கிண்ணம் என்ற பேச்சே இல்லை.

பதிவறைக்கு ஊன்றுகோலோடு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை எழுத்தர், “ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டுகள் எல்லாம் கிடங்குக்குப் போய்விட்டன, டீச்சர்” என்றார். பேச்சுக் கொடுத்ததில் அவருடைய தம்பி என்னிடம் பிளஸ் டூ படித்தவன் என்று தெரிந்தது. நான்காம் முறை கட்டு கிடைத்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு தம்பி வாய்க்கமாட்டான். அதனால் இப்போதே, வலி இல்லாத காலத்திலேயே, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இந்தச் சீட்டுக்கு இவ்வளவு பாடு தேவையா என்று தோன்றினால், ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் மத்திய அரசு குழு அமைத்து இழப்பீடு பற்றிப் பேசியபோது, மூட்டு பொருத்தப்பட்டவர்களில் ஏராளமானோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தங்கள் இடுப்பில் இருந்தது எது என்றே தெரியாமல் இருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

என் சீட்டுகள் சொன்னது வேறு. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு டைட்டானியம் கலவை. இடுப்பெலும்பில் பதித்த கிண்ணமும் டைட்டானியம், அதன் உட்புறம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். பந்து கோபால்ட்-குரோமியம், 36 மில்லிமீட்டர். உலோகத்தோடு உலோகம் தேயும் வகையே இல்லை. அதனாலேயே, “உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது, அம்மா” என்று இரண்டு மருத்துவர்கள் அடித்துச் சொன்னார்கள். வந்தது.

உடம்பு எதை எதிர்க்கிறது

‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால்தான் குழப்பம் வருகிறது. குறைந்தது மூன்று வேறு காரியங்கள் நடக்கலாம்.

முதலாவது, துகள்கள். மூட்டு தேயும்போது உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பெருவிழுங்கி செல்கள் விழுங்குகின்றன. அவற்றால் செரிக்க முடியாது. உடனே அழற்சி வேதிப்பொருள்களை வெளியிட்டு ஆள் திரட்டுகின்றன. அந்தக் கூச்சலில், எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொண்டு மூட்டைச் சுற்றியுள்ள நல்ல எலும்பையே அரிக்கின்றன. இது ஒவ்வாமை இல்லை. யார் உடம்பிலும் நடக்கும். நவீன இடுப்பு மூட்டின் தந்தை எனப்படும் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது விரைவாகத் தேய்ந்தது. தேய்ந்த துகளைச் சுற்றித் திசு திரண்டது. அந்தத் துகளைத் தன் தொடையிலேயே செலுத்திக் கட்டி வருகிறதா என்று பார்த்த மனிதர் அவர். வந்தது. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார்.

இரண்டாவதுதான் உண்மையான ஒவ்வாமை. உலோக அயனி தனியாக இருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் முகத்தை மாற்றிவிடும்போது, டி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அதை அந்நியன் என்று குறித்துக்கொள்கின்றன. மறுமுறை சந்திக்கும்போது பாய்கின்றன. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் தாமதித்து வரும் வகை இது. கவரிங் தோடு காலையில் போட்டு மாலையில் அரிப்பது இதனால்தான். மூட்டைச் சுற்றிய திசுவில் இது நடந்தால் சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் மொய்த்திருக்கும். 2005இல் ஜெர்மனியின் வில்லர்ட் குழுவினர் இதை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்கள். 2008இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் மூட்டைச் சுற்றி வளரும் திரவப் பைகளையும் கட்டிகளையும் பற்றி எழுதி, ‘பொய்க் கட்டி’ என்று பெயரிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்பதால் பொய். வலி பொய்யில்லை.

மூன்றாவது, நேரடி நஞ்சு. கோபால்ட் அளவுக்கு மேல் போனால் ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்களைக் கொல்லும். ரத்தத்தில் மிக அதிகமானால் இதயத் தசை, காது, கண், நரம்பு, தைராய்டு வரை போகும். 1960களின் நடுவில் கனடாவின் கியூபெக் நகரில், பீரின் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்புச் சேர்த்தார்கள். அதை மிகுதியாகக் குடித்தவர்களுக்கு இதயம் செயலிழந்து பலர் இறந்தார்கள். இடுப்பு மூட்டிலிருந்து அந்த நிலைக்குப் போவது அரிது. ஆனால் காதில் இரைச்சல், காரணமில்லாத மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கால் மரத்துப்போதல் ஆகியவை மூட்டு வலியோடு சேர்ந்து வந்தால் எலும்பு மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார். நீங்கள் சொல்ல வேண்டும்.

சரி, என் கோபால்ட் எங்கிருந்து வந்தது? பந்து தண்டின் கழுத்திலுள்ள கூம்பின் மேல் செருகப்பட்டு நிற்கிறது. வெளியில் தெரியாத அந்த இடுக்குதான் வில்லன். இந்தக் கலவைகள் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தால். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கூம்பும் பந்தும் மிக நுண்ணிய அளவில் அசைந்து அந்தப் படலத்தைச் சுரண்டுகின்றன. திறந்த இடமாக இருந்தால் ஆக்சிஜன் பட்டு உடனே ஆறிவிடும். இடுக்குக்குள் ஆக்சிஜன் குறைவு, குளோரைடு அதிகம், அமிலம் ஏறுகிறது. பந்து உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. பந்து பெரிதாக இருந்தால் கூம்பின் மேல் முறுக்கு விசையும் கூடும். பதினொன்றாம் வகுப்பில் ஆணியையும் உப்பு நீரையும் வைத்து ஆண்டுதோறும் நான் செய்துகாட்டிய சோதனையின் தம்பிதான் இது. என் இடுப்பில் நடந்ததைத்தான் நான் கடைசியாகக் கண்டுபிடித்தேன்.

நோட்டுப் புத்தகம்

‘வலிக்கிறது’ என்று சொன்னால் ஒரு வலி மாத்திரை கிடைக்கும். எங்கே, எப்போது, எதைச் செய்யும்போது என்று சொன்னால் சோதனை கிடைக்கும். நான் எழுதத் தொடங்கிய பிறகுதான் என் வலி எனக்கே புரிந்தது. இடம் தொடையிடுக்கு, புட்டமோ முதுகோ இல்லை. காலைத் தூக்கி ஆட்டோவில் ஏறும்போது அதிகம். மாலையில் இடுப்பின் பக்கவாட்டில் உப்பல், உள்ளே நீர் தளும்புவது போன்ற உணர்வு. தோலில் ஒரு சொறியும் இல்லை. இந்தக் கடைசி வரியைப் பல மாதங்கள் நான் பொருட்படுத்தவில்லை. உலோகத்துக்கு ஆழத்தில் வரும் எதிர்ப்பு பெரும்பாலும் தோலில் தெரிவதில்லை.

அறுவை முடிந்து எத்தனை காலம் வலியில்லாமல் இருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முதல் நாளிலிருந்தே வலி என்றால் ஒரு கணக்கு. ஆறு ஆண்டுகள் சுகமாக நடந்துவிட்டுப் பிறகு வலி என்றால் வேறு கணக்கு.

காய்ச்சல், தழும்பில் சிவப்பு, சீழ், திடீரெனக் காலை ஊன்ற முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிருமியை முதலில் விலக்குங்கள்

செயற்கை மூட்டு வலித்தால் முதல் சந்தேகம் கிருமித் தொற்றின் மேல்தான் விழ வேண்டும். உலோகத்தின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சாதாரண ரத்தச் சோதனைகள். எந்த ஊரிலும் செய்யலாம். இவை உயர்ந்திருந்தாலும், சந்தேகம் தீராவிட்டாலும், மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீரை எடுத்துச் செல் எண்ணிக்கையும் கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்ப்பார்கள். மெதுவாக வளரும் கிருமிகளுக்காகக் கல்ச்சரைப் பதினான்கு நாள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உலோக அரிப்பு உள்ள மூட்டின் நீரில் செத்த செல்களும் துகள்களும் கலந்திருப்பதால் எண்ணும் இயந்திரம் ஏமாந்து, வெள்ளணுக்கள் ஏராளம் என்று அச்சடித்துவிடும். அது சீழ் என்று முடிவு கட்டப்படும். என் நீர் கலங்கலாக, காப்பி டிகாஷனில் பால் தெளித்த நிறத்தில் வந்தது. முதல் அறிக்கையைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். மருத்துவர் நுண்ணோக்கியில் கையால் எண்ணச் சொல்லி மறுபடி அனுப்பினார். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. கல்ச்சரில் பதினான்கு நாளும் ஒன்றும் வளரவில்லை.

ரத்தத்தில் கோபால்ட், குரோமியம்

நான் அதிகம் அலைந்தது இதற்குத்தான். எங்கள் ஊர் ஆய்வகத்தில் அப்படியொரு சோதனையே இல்லை என்றார்கள். ரத்தம் எடுத்துப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவியில் அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ரத்தத்தில் ஒன்றிரண்டு மைக்ரோகிராம் என்ற அளவைத் தேடும்போது ஊசியிலிருந்து உதிரும் உலோகமே கணக்கைக் கெடுத்துவிடும். சாதாரண ஊசி துருப்பிடிக்காத எஃகு. அதில் குரோமியம் இருக்கிறது.

ஆகவே நுண் உலோகச் சோதனைக்கென்றே உள்ள அடர் நீல மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனுலா போட்டு, முதலில் வரும் ஐந்து மில்லி ரத்தத்தை வேறு குழாயில் பிடித்து ஒதுக்கிவிட்டு அடுத்ததை அனுப்ப வேண்டும். என்னிடம் வந்த இளைஞர் சிவப்பு மூடிக் குழாயோடு நின்றார். “தம்பி, நீல மூடி இல்லையென்றால் நாளை வருகிறேன்” என்றேன். அவருக்குக் கோபம். மறுநாள் நீல மூடி வந்துவிட்டது.

அளந்தது முழு ரத்தத்திலா, செல்களை நீக்கிய தெளிநீரான சீரத்திலா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே ஆய்வகம், அதே முறை. இல்லாவிட்டால் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கோபால்ட் வெளியேறாமல் தேங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் கூடவே பாருங்கள். சர்க்கரைக்கென்று விற்கும் சத்து மாத்திரைகள் சிலவற்றில் குரோமியம் இருக்கிறது. பி12 மூலக்கூறின் நடுவிலேயே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது; மிகச் சிறிய அளவுதான். எதையும் நீங்களாக நிறுத்தாமல் பட்டியலாக எழுதிக் கொடுங்கள்.

எனக்கு வந்தது கோபால்ட் 5.2, குரோமியம் 1.1. “ஏழுக்குள்தானே இருக்கிறது” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் உலோகத்தோடு உலோகம் தேயும் மூட்டுகளுக்காகச் சொன்ன எண். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் தீவிரமாகப் பார் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே எல்லாம் சுகம் என்று பொருளில்லை. பாலிஎத்திலீன் கிண்ணம் உள்ள என் போன்றவர்களுக்குக் கோபால்ட் 1க்கு மேல் போனாலே கூம்பைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் கோபால்ட் அதிகம், குரோமியம் குறைவு என்பது கூம்பு அரிப்பின் கையெழுத்து மாதிரி. குரோமியம் அங்கேயே பாஸ்பேட்டாகப் படிந்துவிடுகிறது. கோபால்ட் கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. இதை எனக்குச் சொன்னவர் மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது 5.9. ஒற்றை எண்ணை வைத்து அறுவைக்குப் போகாதீர்கள், ஒற்றை எண்ணை வைத்து நிம்மதியாகவும் இருக்காதீர்கள்.

ஸ்கேன்

எக்ஸ்ரே எடுங்கள், தண்டு ஆட்டம் கண்டிருக்கிறதா, எலும்பு அரித்திருக்கிறதா என்று தெரியும். என் எக்ஸ்ரே அழகாக இருந்தது. மென்திசுவில் தேங்கிய நீர்ப் பையை எக்ஸ்ரே காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். “உள்ளே இரும்பு இருக்கிறது, எடுக்க மாட்டோம்” என்று ஒரு ஸ்கேன் மையத்தில் வாசலிலேயே திருப்பினார்கள். டைட்டானியமும் கோபால்ட்-குரோமியமும் காந்தம் பிடித்திழுக்கும் இரும்பு அல்ல. பெரும்பாலான இடுப்பு மூட்டுகளோடு நிபந்தனைக்கு உட்பட்டு எடுக்கலாம். ஸ்டிக்கர் நகல் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். டெஸ்லா என்பது கருவியின் காந்த வலிமை; 3 டெஸ்லாவைவிட 1.5 டெஸ்லா கருவியில் நிழல் குறைவு. விலை உயர்ந்ததே நல்லது என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே உதவாது. என் படத்தில் மூட்டின் முன்புறம் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு பை தெரிந்தது.

தோல் சோதனை கடைசியில்

நான் முதலில் செய்து ஏமாந்தது இதைத்தான். பேட்ச் டெஸ்டில் நிக்கல், கோபால்ட், குரோமேட் ஆகியவற்றை முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்பார்கள். உலோகங்கள் தாமதித்துக் காட்டும் என்பதால் ஏழாம் நாளும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் இதைச் செய்யாதீர்கள். எனக்கு நிக்கல் பளிச்சென்று சிவந்தது, கோபால்ட் மௌனம். பார்த்தீர்களா, நான் சொன்னேன் என்று ஆறு மாதத்தை வீணடித்தேன். தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ள பலர் செயற்கை மூட்டோடு நிம்மதியாக நடக்கிறார்கள். தோலில் ஒன்றும் காட்டாதவருக்கு மூட்டில் எதிர்ப்பு வருவதும் உண்டு.

எவர்சில்வரில் நிக்கல் இருக்கிறது, அந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்று என் நாத்தனார் மண்சட்டி வாங்கி வந்து கொடுத்தார். குழம்பு ருசியாக இருந்தது.

இனிமேல்தான் அறுவை என்றால்

கவரிங் நகை, கடிகாரக் கொக்கி, கட்டிய பல்லின் உலோகம், எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட் ஆகியவற்றால் தொந்தரவு வந்ததுண்டா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டட வேலை செய்பவர்கள் சிமெண்டால் கையில் வரும் புண்ணையும் சொல்ல வேண்டும். சிமெண்டில் குரோமேட் உண்டு. டைட்டானியம் தண்டு, செராமிக் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம் என்ற சேர்க்கை கிடைக்கும். மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் எலும்புச் சிமெண்ட் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். அதில் கலக்கும் ரசாயனங்களும் ஆன்டிபயாட்டிக்கும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லோருக்கும் முன்கூட்டியே பேட்ச் டெஸ்ட் தேவையில்லை. தோல் ஒவ்வாமை கடுமையாக இருந்தவர்கள் மட்டும் பேசிப் பார்க்கலாம்.

மாற்றியமைக்கும்போது

2022இல் எனக்கு ரிவிஷன், அதாவது மூட்டை மாற்றியமைக்கும் அறுவை, நடந்தது. தண்டு எலும்போடு நன்றாகப் பிடித்திருந்ததால் அதைத் தொடவில்லை. கூம்பைத் துடைத்து, டைட்டானியம் உறை போட்டு, அதன் மேல் வெளிர் சிவப்புச் செராமிக் பந்தை வைத்தார்கள். கிண்ணத்தின் பாலிஎத்திலீனையும் மாற்றினார்கள். ஆறாம் மாதம் கோபால்ட் 1க்குக் கீழே வந்துவிட்டது. தசை கொஞ்சம் கெட்டுப்போயிருந்ததால் இன்னும் படியேறும்போது சாய்கிறேன். தாமதித்ததற்கு அதுதான் கூலி. எத்தனை மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

எடுக்கும் திசுவை நோய்க்கூறியல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். லிம்போசைட்டா, துகள் விழுங்கிய செல்களா, இரண்டுமா என்று அங்கேதான் தெரியும். எனக்கு இரண்டும். மருத்துவக் கருவிகளால் வரும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. நோயாளியும் புகார் எழுதலாம். படிவத்தில் ரெஃப் எண்ணும் லாட் எண்ணும் கேட்பார்கள். ஸ்டிக்கர் அங்கேயும் வேண்டும்.

கழற்றிய பந்து உங்களுக்கு வேண்டுமென்றால் அறுவைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். அன்று காலை வாய்மொழியாகச் சொன்னால் குப்பைக்குப் போய்விடும். என்னுடையதைக் கிருமி நீக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தந்தார்கள். வெளிப்புறம் கண்ணாடி போல மின்னுகிறது. கவிழ்த்து உள்ளே பார்த்தால் கூம்பு நின்ற துளையின் சுவரில் கறுப்பு வளையம். அதைச் சுரண்டவோ கழுவவோ கூடாது. புகாரோ வழக்கோ வந்தால் ஆய்வகம் கேட்பது அந்தக் கறுப்பைத்தான்.